"என்ன வேலை பார்க்கிறீர்கள்?": தொழிலாளர் உடல்நலம் பற்றிக் கேள்வி பதில்

தொழில்சார் மருத்துவ ஆய்வில் நெடுநாளாக இருப்பவள் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். இவை உங்கள் மருத்துவரைப் பார்ப்பதற்கு மாற்று அல்ல.

கேள்வி: மருத்துவ மாணவி நான். நோயாளியின் தொழிலைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று பாடத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. என்னதான் கேட்பது, டாக்டர்?

அந்த ஒரு வரிக்கு முந்நூறு ஆண்டு வயது. இத்தாலியின் மொடெனா நகரில் இருந்த பெர்னார்டினோ ரமாஸினி என்ற மருத்துவர், தன் வீட்டின் மலக்குழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் பதறிப் பதறி வேலை செய்வதைக் கண்டு, ஏன் இந்த அவசரம் என்று கேட்டார். நான்கு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தால் கண் குருடாவது போலாகிவிடும் என்றார் அந்தத் தொழிலாளி. ரமாஸினி அவருடைய கண்களைப் பார்த்தார், சிவந்து மங்கியிருந்தன. அந்தத் தொழில் செய்த மற்றவர்களையும் தேடிப் பார்த்தார். அங்கே தொடங்கியதுதான் 1700இல் வெளிவந்த தொழிலாளர் நோய்கள் பற்றிய அவருடைய நூல். மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர்.

"கம்பெனியில் வேலை" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். கை என்ன செய்கிறது, மூக்குக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். "காலையில் உள்ளே போனதும் முதலில் எதைத் தொடுவீர்கள்?" என்று தொடங்கினால் மனிதர்கள் தாமே சொல்லிக்கொண்டு போவார்கள். இதற்கு முன் பார்த்த வேலைகளையும் கேளுங்கள். இன்றைய காவலாளி நேற்றுவரை கல் உடைத்தவராக இருக்கலாம். விடுமுறையில் குறைகிறதா, பக்கத்தில் வேலை செய்கிறவருக்கும் இதே தொந்தரவு உண்டா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் அனுபவத்தில் பாதி நோய்க்கு வழி காட்டியவை அவைதான்.

கேள்வி: நூற்பாலையில் வேலை. வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை போனால் நெஞ்சை இறுக்குகிறது. செவ்வாய், புதனில் தணிந்துவிடுகிறது. சோம்பேறித்தனம் என்கிறார் மேற்பார்வையாளர்.

சோம்பேறித்தனம் இல்லை, ஐயா. பஞ்சுத்தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற நோயின் தொடக்க நிலை இப்படித்தான் இருக்கும். வேலையில் வரும் ஆஸ்துமா, வாரம் நகர நகரக் கூடிக்கொண்டே போகும். இது அதற்கு நேர்மாறாக முதல் நாளில் கடுமையாகிப் பிறகு தணியும். கவனிக்காமல் விட்டால் இறுக்கம் மற்ற நாட்களுக்கும் பரவும், கடைசியில் விடுமுறையிலும் விலகாது. முதல் நாள் மட்டும் வருகிற இப்போதே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஊதிப் பார்க்கும் சிறிய பீக் ஃப்ளோ கருவி ஒன்று வாங்கி, வேலை நாளிலும் விடுமுறையிலும் தினம் நான்கு முறை ஊதி, நேரத்தோடு நோட்டில் குறித்து வாருங்கள். மூன்று, நான்கு வாரம் நிரம்பிய அந்த நோட்டை யாராலும் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஆலை நிர்வாகத்தில் இருக்கிறேன். எங்கள் தொழிலாளர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களின் விகிதத்தைவிடக் குறைவு. அப்படியானால் எங்கள் தூசியால் ஆபத்து இல்லை என்றுதானே பொருள்?

இல்லை. நல்ல எண்ணத்தோடு கேட்கிறீர்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் இந்த ஒரு கணக்கு பல தொழில்களில் உண்மையைப் பல ஆண்டுகள் மறைத்திருக்கிறது.

பொதுமக்கள் என்ற கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களும், வேலைக்கே போக முடியாத நோயாளிகளும் அடக்கம். உங்கள் ஆலை வாசலுக்குள் வருகிறவர்கள், மூட்டை தூக்கவும் படியேறவும் முடிந்தவர்கள். தேர்ந்தெடுக்கும்போதே நலிந்தவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். பிறகு, மூச்சு வாங்கத் தொடங்கியவர் தாமாகவே வேலையை விட்டுப் போகிறார். எஞ்சி நிற்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லாரும் நலமாகத்தான் இருப்பார்கள். இதை ஆய்வில் "ஆரோக்கியத் தொழிலாளி விளைவு" என்கிறோம்.

இதிலிருந்து தப்ப வழி உண்டு. உங்கள் ஆட்களை உங்கள் ஆட்களோடேயே ஒப்பிடுங்கள். தூசி அதிகமான பிரிவில் பத்து ஆண்டு இருந்தவர்களையும், தூசி குறைந்த பிரிவில் பத்து ஆண்டு இருந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்து, அவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று தேடுங்கள். தேடுவது கடினம்தான். ஆனால் விடை அவர்களிடம்தான் இருக்கிறது. பழைய பதிவேடு எதையும் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அப்பா கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். மூக்கில் துணி கட்டிக்கொள்கிறார். சென்ற ஆண்டு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. நிம்மதியாக இருக்கலாமா?

உங்களைக் கலவரப்படுத்த மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அப்பாவின் புருவத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தூசி அல்ல நுரையீரலைக் கெடுப்பது. கண்ணுக்குத் தெரியாத, ஏறக்குறைய 4 மைக்ரான் அளவும் அதற்குக் கீழும் உள்ள, கல்லிலிருந்து கிளம்பும் சிலிக்கா துகள்தான் ஆழத்தில் போய்த் தங்குகிறது. தலைமுடியின் தடிமன் அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். துணியின் இழைகளுக்கு இடையே அது தடையில்லாமல் புகுந்துவிடும்.

நாங்கள் தூசியை அளக்கும் விதத்தைச் சொன்னால் விளங்கும். இடுப்புப் பட்டையில் சிறிய பம்பு, அதிலிருந்து தோள் வழியாக ஒரு குழாய், சட்டைக் காலருக்குப் பக்கத்தில் நாணயம் அளவுக்கு வடிகட்டித் தாள் வைத்த டப்பி. ஷிப்ட் முழுவதும் அவர் மூச்சிழுக்கும் இடத்துக் காற்றையே அது இழுக்கும். மாலையில் அந்தத் தாளைக் கையில் எடுத்தால் லேசான சாம்பல் நிழல் மட்டும் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. எடை போட்டு, சிலிக்கா எவ்வளவு என்று பார்த்தால் வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும். அமெரிக்காவில் 2016இல் வந்த விதியின்படி அந்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். ஒரு சிட்டிகை உப்பு எத்தனையோ மடங்கு கனம்.

எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது நல்ல செய்தி. ஆனால் அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் தெரிய வர ஆண்டுகள் ஆகும், வேலையை விட்ட பிறகும் வளரும். காசநோய் வரும் வாய்ப்பையும் அது கூட்டிவிடும். அதனால் படமும் மூச்சுத் திறன் சோதனையும் தொடர வேண்டும். பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது தண்ணீர்: அறுக்கும் தட்டின்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அடுத்தது, தூசியைக் கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் கருவி. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் சுவாசக் கவசம் அதற்கும் பிறகுதான். தாடி இருந்தால் அது பொருந்தாது. அப்பா அறுப்பது செயற்கைக் கல்லா என்றும் விசாரியுங்கள். அதில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். இளம் தொழிலாளர்கள் சில ஆண்டுகளிலேயே நோயில் விழுந்ததைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது.

கேள்வி: செவிலியர். இரவு ஷிப்ட் புற்றுநோய் தரும் என்று படித்தேன். வேலையை விடட்டுமா?

இதற்காக வேலையை விட வேண்டாம், சகோதரி. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மறுபடி 2019இலும் இரவுப் பணியை "புற்றுநோய் தரக்கூடும்" என்ற 2ஏ வகையில் வைத்தது. அந்த வகை, சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை. செய்தித்தாள்கள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பிவிடுகின்றன. அடுத்தடுத்து வரும் இரவுகளைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு ஷிப்டுக்கு நடுவே 11 மணி நேரமாவது இருக்கட்டும். பகல் தூக்கத்துக்கு அறையை நன்றாக இருட்டாக்குங்கள்.

கேள்வி: இயந்திரச் சத்தம் ஆபத்தானதா என்று கருவி இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் 85 டெசிபலைத் தாண்டியிருக்கக்கூடும். அது எட்டு மணி நேரத்துக்கான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டே மணி.

கேள்வி: கணவர் முன்பு ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தவர். அவருடைய உடைகளை நான்தான் துவைத்தேன். எனக்கும் ஏதாவது வருமா?

வந்தே தீரும் என்று யாரும் சொல்ல முடியாது, பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. 1960இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாக்னரும் உடன் ஆய்வாளர்களும் நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் புற்றுநோயான மீசோதிலியோமா நோயாளிகள் 33 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் இறங்கியவர்களே அல்ல, அந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். 1965இல் லண்டனில் வெளியான ஆய்வில், கணவரின் வேலை உடைகளைத் துவைத்த பெண்களும் இருந்தார்கள். உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லி, மருத்துவப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். நாளை மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால், அந்த ஒரு வரி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: தொழிற்சங்கச் செயலாளர். ஆய்வு என்று வந்து இரத்தம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். முடிவு எங்களுக்கு வருவதே இல்லை. நாங்கள் ஏன் ஒத்துழைக்க வேண்டும்?

உங்கள் கோபம் சரியானது. நானே இந்தத் தவற்றில் பங்குகொண்டவள். பேட்டரி பட்டறைத் தொழிலாளர்களின் இரத்தத்தில் ஈயத்தை அளந்து, ஆளுக்கொரு தாளில் எண்ணை அச்சடித்துக் கொடுத்தோம். ஒருவர் அந்தத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்லதா, கெட்டதாம்மா?" என்று கேட்டார். என் முன்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்கள். அத்தனை பேர் கையிலும் அதே தாள். அன்றிலிருந்து, உட்கார்ந்து விளக்காமல் எந்த முடிவையும் நான் கொடுத்ததில்லை.

ஒத்துழைக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவரவர் முடிவு அவரவர் மொழியில் அவரவருக்குக் கிடைக்க வேண்டும். பெயரோடு நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. மறுப்பவரின் வேலைக்குப் பங்கம் வரக் கூடாது. ஆய்வையே ஒதுக்கிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்கள், தங்களில் யாருக்கும் சில காலமாகக் குழந்தை பிறக்கவில்லையே என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுதான் பரிசோதனைக்கு இட்டுச் சென்றது. பலருக்கு விந்தணு மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்தது. 1979க்குள் ஹவாய் அன்னாசித் தோட்டங்கள் தவிர அமெரிக்காவில் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. முதலில் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்; மருத்துவர்கள் பின்னால் வந்து உறுதி செய்தார்கள்.

கேள்வி: வெல்டிங் வேலையை விட்டுப் பதினைந்து ஆண்டு ஆகிறது. இனிமேலும் பரிசோதனை தேவையா?

தேவை. வெல்டிங் புகை புற்றுநோய் தரும் என்று 2017இல் உறுதியாக வகைப்படுத்தப்பட்டுவிட்டது, அதுவும் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். இன்றே ஒரு தாளில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன உலோகம், மூடிய இடமா திறந்த வெளியா என்று எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையில் எடுத்துச் செல்லுங்கள். புகைபிடிப்பவராக இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.