பாரில் பொறித்ததைப் படியுங்கள்: ரம்பச் செயின் கேள்வி-பதில்

16 அங்குல மோட்டார் ரம்பத்துக்கு எந்தச் செயின் வாங்கலாம்? (தெம்பனிஸ்)

நீளத்தை மட்டும் எழுதினால் நான் என்ன பதில் சொல்வது? 16 அங்குலப் பாருக்கே (செயின் சுற்றி ஓடும் தகடு) 55 லிங்க் செயினும் உண்டு, 67 லிங்க் செயினும் உண்டு. பிட்ச் (லிங்குகளின் இடைவெளி அளவு), கேஜ் (டிரைவ் லிங்கின் தடிமன்), டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் லிங்க்) எண்ணிக்கை ஆகிய மூன்றும் பெரும்பாலும் பாரில் இயந்திரத்தை ஒட்டிய முனையில் பொறித்திருக்கும். பிசினையும் தூளையும் துடைத்துவிட்டுப் படியுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால், பழைய செயினின் ஒரு டிரைவ் லிங்கில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு எண்ணுங்கள். இரண்டு முறை எண்ணுங்கள்.

சாலையோர அங்சானா, மழைமரக் கிளைகளுக்கு ஃபுல் சிசலா, செமி சிசலா? (ஈசூன்)

செமி சிசல், அதாவது பல்லின் மூலை உருண்டிருக்கும் செயின். நம் சிங்கப்பூர்ச் சாலையோர மரங்களில் பறவைக்கூட்டுப் பெரணி தொற்றியிருக்கும். அதற்குள் மண் சேர்ந்திருக்கும். ஃபுல் சிசலின் கூர்முனை மண்ணில் பட்டதும் மழுங்கிவிடும்.

தென்னை வெட்டினால் செயின் உடனே மழுங்குகிறதே? (லிம் சூ காங்)

தென்னந்தண்டில் சிலிக்கா இருக்கிறது. செயினைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் அரம் போடுங்கள். இயந்திரத்தை அணைத்துவிட்டு, கையுறையோடு.

பல் கூராக இருக்கிறது, ஆனால் மரத்தில் இறங்கவில்லை. டெப்த் கேஜை நன்றாக அராவிவிடச் சொல்கிறார் மேற்பார்வையாளர். சரியா? (சுங்கை காடுட்)

'நன்றாக' என்ற அந்தச் சொல்லோடுதான் எனக்குப் பல வருடச் சண்டை. பல்லின் மேல்தளம் பின்பக்கம் சரிந்திருப்பதால், தீட்டத் தீட்டப் பல் தாழ்ந்துகொண்டே வரும். முன்னால் உள்ள மேடு, அதாவது டெப்த் கேஜ், அப்படியே நிற்கும். பல்லுக்கு மரம் எட்டாமல் போவது அதனால்தான். ஆகவே மேட்டைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அளந்து குறைக்க வேண்டும். பெரும்பாலான செயின்களில் பல்லுக்கும் மேட்டுக்கும் ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும். மூன்று நான்கு முறை தீட்டியதும் அளவுத்தகட்டைச் செயின்மேல் வைத்து, துருத்துவதை மட்டும் தட்டை அரத்தால் எடுங்கள். பிறகு மேட்டின் முன்முனையை உருட்டிவிடுங்கள்.

கண்ணளவில் அராவிய செயின் முதல் பத்து நிமிடம் வெண்ணெயை வெட்டுவதுபோல் வெட்டும். அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். பிறகு ஒவ்வொரு பல்லும் அளவுக்கு மீறிக் கவ்வும். பாரின் நுனி எங்காவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படி எகிறிய ரம்பம் ஒரு தம்பியின் தலைக்கவசத்தைக் கீறியது. செயின் பிரேக் வேலை செய்ததால் பிழைத்தான். உங்கள் மேற்பார்வையாளரிடம் அளவுத்தகட்டைக் காட்டுங்கள். தகடு இல்லையென்றால் வாங்கித் தரச் சொல்லுங்கள். அதன் விலை அற்பம்.

பழைய என்ஜின் எண்ணெயைப் பாருக்கு ஊற்றலாமா? (ஜூரோங்)

கூடாது. அதில் உலோகத்தூள் இருக்கிறது. செயினிலும் ஒட்டி நிற்காது. சிதறியது மழையோடு கால்வாய்க்குப் போகும். இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. நாம் குடிக்கும் தண்ணீர் அது.

புதுச் செயின் அரை மணியில் தொங்குகிறது. போலியா? (உட்லண்ட்ஸ்)

இல்லை, புதுச் செயின் நீளும். ஆறிய பிறகு இறுக்குங்கள், இயந்திரத்தை அணைத்துவிட்டு, கையுறையோடு. சூட்டில் இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். குளிரும்போது சுருங்கி கிராங்க் தண்டை இழுக்கும்.

செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை எப்போது மாற்றுவது? (புக்கிட் பாத்தோக்)

இரண்டு மூன்று செயினுக்கு ஒரு முறை. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினை மாட்டாதீர்கள்.