வாட்ச் 10,000 ஸ்டெப்ஸ் கேக்குது, முட்டி வீங்கிருச்சு: என்ன பண்றது டாக்டர்?

கேள்வி: எனக்கு 61 வயசு, திருச்சி. ரொம்ப வருஷமா சுகரும் பிபியும் இருக்கு. சுகருக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலைலயும் ராத்திரியும், பிபிக்கு மெட்டோபுரோலால். பையன் ஸ்மார்ட்வாட்ச் வாங்கி கட்டிவிட்டான், அதுல தினமும் 10,000 ஸ்டெப்ஸ்னு இருக்கு. ஃபேமிலி குரூப்லயும் எல்லாரும் அவங்கவங்க ஸ்டெப்ஸ் நம்பர போடறாங்க. பகல்ல 4 ஆயிரம்தான் வருது, மிச்சத்த ராத்திரி ஹாலுக்குள்ளயே சுத்தி சுத்தி முடிக்கிறேன். இப்ப வலது முட்டி வீங்கிருக்கு. போன வாரம் அப்படி நடக்கும்போது வேர்த்து கொட்டி கண்ணு இருட்டிடுச்சு, சக்கரைய வாயில போட்டதும் சரியாச்சு. எவ்ளோ வேகமா நடந்தாலும் வாட்ச்ல ஹார்ட் ரேட் ஏறவே மாட்டேங்குது. ஹார்ட்ல ஏதாவது கோளாறா? வாக்கிங்க விட்டுடவா?

பதில்: வாக்கிங்க விட வேண்டாம்மா. ஆனா நீங்க எழுதின அந்த வேர்த்து கொட்டின விஷயத்ததான் நான் முதல்ல எடுத்துக்கறேன், முட்டியெல்லாம் அப்புறம்.

அன்னைக்கு உங்களுக்கு அனேகமா லோ சுகர் ஆயிருக்கு. கிளிமிபிரைடு கணையத்த தூண்டி இன்சுலின சுரக்க வைக்கிற மாத்திரை, அது வேலை செஞ்சிட்டு இருக்கும்போது வழக்கத்தவிட ரொம்ப அதிகமா நடந்தா தசையும் ஒரு பக்கம் சுகர இழுக்கும், ரெண்டும் சேர்ந்து சட்டுனு கீழ இறக்கிடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடறவங்களுக்கு இது அவ்வளவா வராது. உங்க விஷயத்துல இன்னொரு சிக்கல் இருக்கு, சுகர் இறங்கும்போது நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம்னு உடம்பு முதல்லயே சிக்னல் குடுக்கும், மெட்டோபுரோலால் அந்த ரெண்டையும் அமுக்கிடும். வேர்வைய மட்டும் அது அமுக்காது. அதனால நடக்கும்போது காரணமில்லாம குப்புனு வேர்த்தா, வாட்ச் என்ன நம்பர் காட்டினாலும் சரி, அங்கயே உக்காந்து மூணு டீஸ்பூன் சக்கரையோ குளுக்கோஸோ தண்ணில கலக்கி குடிங்க, 15 நிமிஷம் கழிச்சு குளுக்கோமீட்டர்ல பாருங்க, 70க்கு கீழயே இருந்தா இன்னொரு தடவை குடிங்க. நடக்க கிளம்பும் முன்னாடி பாத்து 100க்கு கீழ இருந்தா ரெண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுட்டு போங்க. முக்கியமா இந்த சம்பவத்த உங்க சுகர் டாக்டர்கிட்ட இந்த வாரமே சொல்லுங்க, டோஸ் குறைக்கணுமான்னு அவர்தான் முடிவு பண்ணணும், நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க.

ஹார்ட் ரேட் ஏறாததும் அதே மெட்டோபுரோலாலால இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி, இதயத் துடிப்ப கட்டுப்படுத்தறதுதான் அந்த மாத்திரையோட வேலையே. நிறைய வாட்ச் 220ல இருந்து வயச கழிச்சு ஒரு கணக்கு போடுது, உங்களுக்கு 159ன்னு வச்சுக்கிட்டு அதுல இத்தனை சதவீதம் வந்தாதான் உடற்பயிற்சின்னு சொல்லுது. நீங்க என்ன மாத்திரை போடறீங்கன்னு அதுக்கு எப்படி தெரியும்? அந்த கலர் கலரான ஸோன எல்லாம் நீங்க பாக்கவே வேண்டாம், அத எட்டணும்னு வேகத்த கூட்டவே கூடாது. நடக்கும்போது பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேச முடியணும், ஆனா பாட முடியாத அளவுக்கு மூச்சு இருக்கணும், அதுதான் உங்க சரியான வேகம். ஆனா நெஞ்சுல இறுக்கம், தாடை இல்ல இடது கையில வலி, பேச முடியாத மூச்சு வாங்கல் இதுல எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும், அது வேற கதை.

சரி அந்த 10,000. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்சதும், 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி இடுப்புல மாட்டற ஸ்டெப் மீட்டர விக்கறதுக்காக பிடிச்ச நம்பர் அது, மருத்துவ ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்சது இல்ல. 2019ல ஹார்வர்டுல ஐ-மின் லீ குழு, சராசரி 72 வயசுள்ள கிட்டத்தட்ட 17 ஆயிரம் பெண்கள வச்சு பாத்தாங்க, 2,700 ஸ்டெப்ஸ் போனவங்களவிட 4,400 போனவங்களுக்கு இறப்பு விகிதம் நல்லாவே கம்மியா இருந்துச்சு, 7,500க்கு மேல போனதுல கூடுதலா பெருசா ஒண்ணும் தெரியல. அவங்கள்ல நிறைய பேருக்கு உங்களவிட வயசு கூட, அதனால அப்படியே உங்களுக்கு பொருத்த முடியாதுதான், ஆனா உங்க 4 ஆயிரம் ஒண்ணும் கேவலமான நம்பர் இல்லைங்கறத நீங்க தெரிஞ்சுக்கணும்.

இப்ப முட்டி வீக்கம் இருக்கறதால, அது வடியற வரைக்கும் வீட்டுக்குள்ள நடமாட்டம் மட்டும் போதும், ராத்திரி ஹால் சுத்தறத இன்னையோட நிறுத்துங்க. டைல்ஸ் தரையில வெறுங்காலோட திரும்பி திரும்பி நடக்கறது முட்டிக்கும் ஆகாது, சுகர் இருக்கற பாதத்துக்கும் ஆகாது. வீக்கம் போனதும் ஒரு வாரம் எந்த டார்கெட்டும் இல்லாம சும்மா வாட்ச கட்டிக்கிட்டு இருங்க, அந்த வாரத்து சராசரிதான் உங்க ஆரம்பம். அதுலேர்ந்து 500 மட்டும் கூட்டுங்க, ரெண்டு வாரம் முட்டி ஒண்ணும் சொல்லலன்னா இன்னொரு 500. மறுநாள் காலைல எழுந்திரிக்கும்போது வலி இன்னும் இருந்தா முந்தின நாள் ஓவரா போயிட்டீங்கன்னு அர்த்தம், பழைய நம்பருக்கு இறங்கிடுங்க. 6 ஆயிரம் வந்தாலே எனக்கு திருப்திதான். போன்ல அந்த வாட்ச் ஆப்ப திறந்து கோல் (Goal)னு இருக்கற இடத்துல டார்கெட்ட மாத்திடலாம், பையன கூப்பிட்டா ஒரு நிமிஷத்துல பண்ணி குடுத்துடுவார், நகர சொல்லி அதிர்ற ரிமைண்டரையும் ராத்திரி 8க்கு மேல ஆஃப் பண்ண சொல்லுங்க.

அந்த ஸ்டெப்ஸயும் ஒரே மூச்சா போகாதீங்க. காலை, மதியம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து பத்து நிமிஷம், நல்ல கெட்டி செருப்போ ஷூவோ போட்டுக்கிட்டு. சாப்பிட்டதும் ஏறுற சுகர் இதுல குறையும், முட்டிக்கும் ஓய்வு கிடைக்கும். நடந்து முடிச்சதும் உள்ளங்கால ஒரு தடவை பாத்துடுங்க, கொப்புளம் வலிக்காமலே வந்திருக்கலாம்.

வாட்ச் எண்ணாத ஒரு வேலையும் உங்களுக்கு தேவை, தொடை தசைக்கு பலம் குடுக்கறது. நாற்காலில உக்காந்து ஒரு கால நேரா நீட்டி அஞ்சு எண்ணி இறக்கணும், ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஸ்டெப்ஸ்ல ஒண்ணு கூட ஏறாது, ஆனா முட்டிய தாங்கறது இந்த தசைதான். அதே சமயம் சப்பாத்தி தேய்க்கும்போது கை ஆடறத ஸ்டெப்புன்னு எண்ணிக்கும், டிராலிய பிடிச்சு தள்ளிக்கிட்டு நடந்தா பாதிய விட்டுடும், அதனால 200, 300 குறையுதேன்னு ராத்திரி எழுந்து நடக்கவே நடக்காதீங்க.

ஃபேமிலி குரூப்ல மத்தவங்க போடற நம்பர் அவங்க வயசுக்கும் உடம்புக்கும் வர்றது. பையன்கிட்ட இந்த பதில படிக்க குடுங்க, அம்மாவோட டார்கெட் இனி வேறன்னு அவரே குரூப்ல சொல்லட்டும். ரெண்டு வாரத்துல வீக்கம் வடியலன்னா, இல்ல முட்டி சூடா செவந்து இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அவ்ளோ நாள் காத்திருக்காம, எலும்பு டாக்டர்கிட்ட போங்க. அதுவரைக்கும் மெடிக்கல் ஷாப்ல கேட்டு வலி மாத்திரை வாங்கி சாப்பிடாதீங்க, சுகரும் பிபியும் சேர்ந்து இருக்கறவங்களுக்கு அது கிட்னிய பாதிக்கலாம்.