டிரஸ்டிகளுக்கு எதற்கு வகுப்பு?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை 28 வருடங்களாகக் குழந்தைகள் இல்லம் நடத்துகிறது. போன வருடம்தான் நான் செயலாளர் ஆனேன். மொத்தம் ஒன்பது டிரஸ்டிகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறோம், காபி குடிக்கிறோம், மினிட்ஸ் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். எல்லோருக்கும் வருடாவருடம் ஒரு பயிற்சி வகுப்பு வைக்கலாமே என்றேன். மூத்தவர் ஒருவர், "நீ டவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்துலயே பொதுக்காரியம் பார்த்தவன் நான், எனக்கா கிளாஸ்?" என்று கோபித்துக்கொண்டார். என்ன செய்வது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: முதலில் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், கூட்டத்தில் வேண்டாம். நீங்கள் வகுப்பு என்றது அவர் காதில் "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று விழுந்திருக்கிறது. 28 வருடம் கைக்காசு போட்டு இல்லத்தைக் காப்பாற்றியவருக்கு அது வலிக்கத்தான் செய்யும். அதனால் பயிற்சி என்ற பேச்சையே எடுக்காமல், முதல் வகுப்பை அவரையே நடத்தச் சொல்லுங்கள். இல்லம் எப்படி ஆரம்பித்தது, அந்த நிலத்தை யார் கொடுத்தார்கள், அறக்கட்டளைப் பத்திரத்தில் என்ன நோக்கம் எழுதியிருக்கிறது என்று அவர் ஒரு மணி நேரம் பேசட்டும். பத்திரத்தை நகலெடுத்து ஒன்பது பேர் கையிலும் கொடுங்கள். அதை முழுசாகப் படித்த டிரஸ்டிகள் எந்த அறக்கட்டளையிலும் பாதிப் பேர்கூட இருக்கமாட்டார்கள், நான் பார்த்தவரையில் அப்படித்தான்.

அப்புறம் அவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அவர் பொறுப்புக்கு வந்தபோது இருந்த சட்டங்கள் இன்றைக்கு இல்லை. 2021-க்கு முன்னால் வருமான வரியில் 12ஏ பதிவு, அதாவது அறக்கட்டளைக்கு வரிவிலக்குத் தரும் பதிவு, ஒருமுறை வாங்கினால் வாங்கினதுதான், சட்டகத்தில் மாட்டிவிட்டு மறந்துவிடலாம். இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், சிறிய அறக்கட்டளைகளுக்குப் பத்து வருடம் என்று 2025-ல் தளர்த்தினார்கள். 1961-ஆம் வருடத்து வருமான வரிச் சட்டமே போய், 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறியாயிற்று. வெளிநாட்டு நன்கொடை வாங்குகிறவர்களுக்கு, அதற்கான சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம் பெரிய அடி: பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்க் மெயின் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும், நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 சதவீதமாகக் குறைந்தது, வாங்கின பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. ஒரே ஒரு முறை வகுப்பு வைத்தால் இதெல்லாம் தெரிந்துவிடாது, நான்கு வருடத்தில் மறுபடி மாறும்.

உங்களுடையது குழந்தைகள் இல்லம் என்பதால் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டம். 2012-ல் வந்தது. ஒரு குழந்தை வார்டனிடம் எதையோ சொல்கிறது, வார்டன் டிரஸ்டியிடம் சொல்கிறார், டிரஸ்டி "இல்லத்தோட பேரு என்னாகிறது, நாமே பேசித் தீர்த்துக்கலாம்" என்கிறார். பல இல்லங்களில் நல்ல மனிதர்களே இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தெரிந்த உடனே போலீஸில் சொல்லியாக வேண்டும் என்கிறது சட்டம். தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் சொல்லாமல் விட்டால் ஒரு வருடம் வரை சிறை. அதைவிடப் பெரிய விஷயம், பேசித் தீர்த்த அன்று ராத்திரியும் அந்தக் குழந்தை அதே கட்டடத்தில்தான் படுத்துத் தூங்க வேண்டும். இந்த ஒன்றையாவது உங்கள் ஒன்பது டிரஸ்டிகளும் வருடத்துக்கு ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவரைப் பேசக் கூப்பிடுங்கள், இல்லத்துச் சமையல்காரம்மா, வாட்ச்மேன் எல்லோரையும் கூட உட்கார வையுங்கள்.

மற்றதற்கு மண்டபம், பேனர் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரை மணி நேரத்தை ஒரு விஷயத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு முறை கணக்கு, ஒரு முறை குழந்தைகள் பாதுகாப்பு, ஒரு முறை வரி. கணக்கு என்றால் ஆடிட்டர் கொடுத்த மொத்தத் தொகையைப் பார்த்துத் தலையாட்டுவது இல்லை. வவுச்சர் ஃபைலையே மேசைமேல் வைத்துப் புரட்டுவது.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் செயற்குழுவில் இருந்தபோது இப்படித்தான் ஆரம்பித்தோம். மூன்றாவது கூட்டத்தில், ஓய்வுபெற்ற ரேஷன் கடைப் பணியாளர் ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், மளிகை பில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பில் நம்பர் 114, 115, 116-ன்னு வரிசையா வருதே, மூணு மாசமா இந்தக் கடைக்கு நம்மளைத் தவிர யாருமே வரலையா?" ஆடிட்டர் டிக் அடித்து முடித்த பில்கள் அவை. தோண்டினால், அப்படி ஒரு கடையே இல்லை. அந்த மனிதருக்கு பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியாது, ஆனால் பில் தெரியும். ஃபைலை அவர் முன்னால் வைக்க நாங்கள்தான் அத்தனை வருடம் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மாமியார் இறந்த பிறகு, மாமனார் நடத்தும் கல்வி அறக்கட்டளையில் என்னை டிரஸ்டியாகச் சேர்த்தார்கள். ஐந்து மாதமாகிறது. "நீ கையெழுத்துப் போட்டாப் போதும்மா, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்கிறார்கள். வெற்றுச் செக்குகளிலும் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் எதிலிருந்து கற்றுக்கொள்ள ஆரம்பிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள், கற்றுக்கொள்வதெல்லாம் அதற்கப்புறம். வீட்டுக்குள் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சண்டையாக வேண்டாம். "மாமா, நான் போடறேன், என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடறேன்" என்று சொல்லுங்கள். அவருக்கும் அது பாதுகாப்புதான்.

தன் சொந்தச் சொத்தை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி அறக்கட்டளைச் சொத்தையும் டிரஸ்டி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1882-ஆம் வருடத்து இந்திய அறக்கட்டளைச் சட்டம் சொல்கிறது. அது தனியார் அறக்கட்டளைகளுக்கான சட்டம் என்றாலும், பொது அறக்கட்டளைக்காரர்களிடமும் இதே அக்கறையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். சும்மா பேருக்கு இருந்தேன் என்று பிறகு சொன்னால் எடுபடாது.

அறக்கட்டளைப் பத்திரத்தின் நகல், கடைசி மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, வருமான வரிப் பதிவுச் சான்றிதழ்கள் எந்தத் தேதி வரை செல்லும், எந்தெந்த வங்கியில் கணக்கு, யார் யார் கையெழுத்து, இவ்வளவையும் கேட்டு வாங்குங்கள். பிறகு ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் கேட்டு, கணக்கை வரி வரியாகச் சொல்லச் சொல்லுங்கள். குடும்ப அறக்கட்டளை என்பதால் ஒரு கேள்வியை விட்டுவிடாதீர்கள்: நம் சொந்தக்காரர் யாருக்காவது இதிலிருந்து வாடகையோ சம்பளமோ கடனோ போகிறதா? நியாயமான அளவுக்கு மேல் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. இதை ஆடிட்டரிடம் நேராகக் கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: எங்களுடையது பதிவு பெற்ற சங்கம், நூலகம் நடத்துகிறோம். நிர்வாகக் குழு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. கற்றுக்கொடுத்தவர்கள் போய்விடுகிறார்கள். சங்கப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவு செய்யலாமா?
– வாசகர், மதுரை

பதில்: செய்யலாம். செலவுக்கு முன்னால் குழுவில் தீர்மானம் போட்டு, ரசீது வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் இரண்டு நாள் தங்கிவிட்டு அதைப் பயிற்சி என்று எழுதாமல் இருந்தால் சரி.

மூன்று வருடம் என்பது 1975-ஆம் வருடத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் உள்ள உச்ச வரம்பு, மறுபடி தேர்ந்தெடுக்கத் தடை இல்லை. எல்லோரும் ஒரே நாளில் போவதுதான் உங்கள் சிக்கல். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்குப் பேர் மட்டும் மாறுகிற மாதிரி துணைவிதியைத் திருத்த முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அதுவரைக்கும், போகிறவர் வருகிறவரோடு இரண்டு கூட்டம் சேர்ந்து உட்காரட்டும். பதிவாளர் அலுவலகத்தில் எதை எப்போது தாக்கல் செய்வது, யாரைப் பார்ப்பது, போன தடவை எதைத் திருப்பி அனுப்பினார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் கையாலேயே எழுதி பீரோவில் வையுங்கள், மினிட்ஸ் நோட்டுக்குப் பக்கத்திலேயே.