நாய் கடித்த காயத்திலேயே ஏன் ஊசி போடுகிறார்கள்?

கையில் தடுப்பூசி போட்ட பிறகும் காயத்தைச் சுற்றி எதற்கு இன்னொரு ஊசி என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைத் தெருநாய் கடித்தபோது அவன் அம்மாவும் இதையேதான் கேட்டார். கெண்டைக்காலில் பல் பதிந்த நாலு இடம். மருந்து இறங்க இறங்கத் தோல் புடைத்து வெளுத்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் அவனுக்கு மிகவும் தேவைப்பட்ட ஊசி அது.

ரேபிஸ் வைரஸின் மேல் முட்கள் போலப் புரதங்கள் இருக்கும். நரம்பு செல்லைத் திறக்கும் சாவி அவைதான். இம்யூனோகுளோபுலின் என்கிற அந்த ஊசியில் இருப்பவை ஆயத்தமான எதிர்ப்பொருள்கள். அவை முள்ளின் மேல் ஒட்டிக்கொண்டால், மெழுகு அப்பிய சாவி மாதிரி, வைரஸால் பூட்டைத் திறக்க முடியாது.

தடுப்பூசியும் இதே எதிர்ப்பொருளைத்தான் நம் உடம்பைச் செய்ய வைக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வைரஸ் நரம்புக்குள் புகுந்துவிட்டால் எதிர்ப்பொருள் அங்கே போய் எட்டுவது கடினம். அதனால்தான் வைரஸ் இறங்கிய இடத்திலேயே அதை மடக்கப் பார்க்கிறார்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் இந்த ஊசி போடுவதில்லை. உடம்பே அந்த வேலையைத் தொடங்கியிருக்கும்.

குதிரையின் ரத்தத்திலிருந்தும் மனித ரத்தத்திலிருந்தும் இதை எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் உருவாக்கும் மோனோகுளோனல் வகையும் இப்போது உண்டு.

அப்புறம், கடிபட்டதும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தயவுசெய்து வைக்காதீர்கள்.