ஹெட்ஜ் ஸ்கூல் காட்சிக்கு வேலி வேண்டாம், குடிசை போடுங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகத்தில் 1820-களின் அயர்லாந்துக் கிராமத்து 'ஹெட்ஜ் ஸ்கூல்' (புதர்வேலிப் பள்ளி) ஒரு காட்சியாக வருகிறது. புதர்வேலி ஓரமாகப் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து, கரும்பலகை மாட்டினால் சரியாக இருக்குமா?

பதில்: இரண்டையும் எடுத்துவிடுங்கள். வேலியோரப் பாடமெல்லாம் அதற்கு வெகுகாலம் முந்தியது. 1695 சட்டப்படி கத்தோலிக்கர் பள்ளி நடத்தினால் 20 பவுண்டு அபராதம், 3 மாதம் சிறை. இடம் கொடுத்த வீட்டுக்கும் ஆபத்து வரும் என்பதால்தான் புதர் மறைவுக்குப் போனார்கள். ஒரு பையன் காவலுக்கு நிற்பான். 1782-இல் சட்டம் தளர்ந்தது. பள்ளி கூரைக்குக் கீழே வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1824-இல் அரசு எடுத்த கணக்கில் இப்படிக் கட்டணம் வாங்கி நடந்த பள்ளிகள் 9,000-க்கு மேல்.

ஆகவே குடிசை போடுங்கள். சாலையோர மண்கரையைக் குடைந்தால் அதுவே பின்சுவர். மற்ற சுவர்களுக்குப் புல்வேரோடு வெட்டிய மண்கட்டி, மேலே மரக்கிளையும் வேய்ந்த புல்லும். இது பெரிய வேலையே இல்லை: முதல் நாள் சுவர், மறுநாள் கூரைக்கட்டை, மூன்றாம் நாள் வேய்ச்சல் என்று முடித்திருக்கிறார்கள்.

உள்ளே நெருப்பும் புகையும் இருக்க வேண்டும். எரிப்பது 'டர்ஃப்', அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கட்டி. குளிர்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றோ இரண்டோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நுழையட்டும். உட்காரக் கல், மண்திட்டு. மேசை கிடையாது, முழங்கால்தான் மேசை.

பெரும்பாலும் பிழை வருவது புத்தகத்தில். எல்லார் கையிலும் ஒரே பாடநூலைக் கொடுத்து ஒரே குரலில் படிக்கவைத்தால் காட்சி கெட்டுவிடும். வீட்டில் எது கிடைத்ததோ அதைத்தான் கொண்டுவந்தார்கள். ஒருவனிடம் வோஸ்டரின் கணக்குப் புத்தகம், அடுத்தவனிடம் ஜேம்ஸ் ஃப்ரெனி என்ற வழிப்பறிக்காரனின் வரலாறு. ஆளுக்கொரு பக்கத்தை உரக்கப் படிக்க, அந்த இரைச்சலுக்கு நடுவே ஆசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாடம் கேட்பார். பெண் பிள்ளைகளையும் சேருங்கள், அவர்களும் படித்தார்கள்.

கட்டணம் 3 மாதத்துக்கு ஒருமுறை, பாடவாரியாக. வாசிப்புக்குக் குறைவு, எழுத்துக்குக் கூடுதல், கணக்குக்கு இன்னும் கூடுதல். காசில்லாத வீட்டார் வெண்ணெயோ டர்ஃபோ கொடுப்பார்கள். அதனால் எல்லார் கையிலும் இறகுப்பேனா கொடுக்காதீர்கள். எழுத்துக்குப் பணம் கட்டிய இரண்டு மூன்று பேரை மட்டும் வெளிச்சம் விழும் வாசலருகே உட்காரவையுங்கள். ஆசிரியர் சிறுகத்தியால் அவர்களுடைய இறகைச் சீவிக் கொடுக்கட்டும். வாசிப்புக்கு மட்டும் கட்டிய பிள்ளை உள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.