இனிஷியல் இடத்தில் ஒரு நாடு

கேள்வி: மலேசியா வாசுதேவன் நிஜமாகவே மலேசியாக்காரரா? ‘பொதுவாக என் மனசு தங்கம்’ பாடியவர் எங்கள் ஊர்ப்பக்கம்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். — வாசகர், உசிலம்பட்டி

பதில்: நிஜமாகவேதான். அதிலும் ஒரு சின்னத் திருத்தம். அவர் பிறந்தது 1944 ஜூன் 15. அன்றைக்கு மலேசியா என்று ஒரு நாடே கிடையாது, மலாயா, அதுவும் ஜப்பான்காரன் பிடியில் இருந்த மலாயா. 1957-ல் சுதந்திரம் வந்து, 1963-ல்தான் மலேசியா என்ற பெயர் வந்தது. ஆக, அவர் பெயரில் ஒட்டிக்கொண்ட நாட்டை விட அவருக்கு 19 வயது அதிகம். இன்னொன்றும் சொன்னால் நம்ப மாட்டீர்கள்: குடும்பம் தமிழ்க் குடும்பமும் இல்லை, பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் பிழைக்கப் போன மலையாளக் குடும்பம்.

நம் பாட்டுக்காரர்களுக்கு ஊர்ப்பெயர் முன்னால் நிற்பது பழைய வழக்கம். சீர்காழி, திருச்சி லோகநாதன், சிதம்பரம் ஜெயராமன், மதுரை சோமு என்று வரிசையாகச் சொல்லலாம். எல்லாருக்கும் ஒரு ஊர், இவருக்கு மட்டும் ஒரு முழு நாடு. உசிலம்பட்டிக்காரர் ஒருவர் தன்னை எங்க ஊர்ப் பையன் என்று நினைத்திருக்கிறார் என்பது தெரிந்திருந்தால் மனிதர் அதை எந்த விருதையும் விடப் பெரிதாக எடுத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது.

கேள்வி: மலையாளக் குடும்பம், பிறந்தது மலேசியா. அப்படியானால் அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது? — வாசகி, கோவை

பதில்: அங்கிருந்தேதான் வந்தது. மலேசியா என்றதும் நமக்கு இரட்டைக் கோபுரம் ஞாபகம் வருகிறது, ரப்பர் தோட்டமும் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் மாரியம்மன் கோயிலும் ஞாபகத்துக்கு வருவதில்லை. 1924-லேயே கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகை தொடங்கிவிட்டது. தமிழ் வானொலி உண்டு, மேடை நாடகம் உண்டு, தமிழ்நாட்டில் ஓடிய படம் எல்லாம் அங்கேயும் ஓடும். டி.எம்.எஸ். பாட்டைப் பாடிக் கைதட்டு வாங்க அங்கே மேடைகளுக்குப் பஞ்சமே இல்லை. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பேச்சு மாறும், தோட்டத்தில் சேலத்துக்காரன் பக்கத்தில் தஞ்சாவூர்க்காரன், அவனுக்குப் பக்கத்தில் ராமநாதபுரத்துக்காரன். அந்தக் கலவையில் காது பழகியவருக்கு எந்த வட்டாரத்துப் பாட்டைக் கொடுத்தாலும் கூச்சம் இருக்காது என்பது என் ஊகம். ஊகம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

நடிப்பும் பாட்டும் சேர்ந்தேதான் அவரைச் சென்னைக்கு இழுத்தன. மலேசியத் தமிழர்கள் சேர்ந்து எடுத்த ‘ரத்தப் பேய்’ என்ற படத்தில் நடித்தார். படம் அவரை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஆனாலும் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார். அப்புறம் பாவலர் பிரதர்ஸ் கச்சேரிகளில் பாடினார். பண்ணைப்புரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் அந்தக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர் இளையராஜா என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சினிமாவிலும் துண்டு துண்டாக வாய்ப்பு வந்தது. 1973-ல் ‘பாரத விலாஸ்’ படத்தில் டி.எம்.எஸ்., சுசீலா, எல்.ஆர். ஈஸ்வரி எல்லாரும் சேர்ந்து பாடும் ‘இந்திய நாடு என் வீடு’ பாட்டில் எம்.எஸ்.வி. அவருக்கும் ஒரு பங்கு கொடுத்தார். பெரிய பந்தியில் கடைசி இலை மாதிரி. இலை கிடைத்ததே அன்றைக்குப் பெரிது.

கேள்வி: எஸ்.பி.பி.க்குத் தொண்டை கட்டியதால்தான் அவருக்கு வாழ்வு வந்தது என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் எல்லாம் அதிர்ஷ்டம்தானே? — வாசகர், ஈரோடு

பதில்: முதல் பாதி உண்மை. ‘16 வயதினிலே’ பாட்டுப் பதிவு சமயத்தில் எஸ்.பி.பி.க்குத் தொண்டை சரியில்லை. படப்பிடிப்போ காத்திருக்காது. இளையராஜா, சரி, வாசுவை வைத்து டிராக் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். சம்பந்தப்பட்டவர்களே மேடைகளில் பலமுறை சொல்லிவிட்ட கதை இது.

டிராக் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெரிய பாடகர் வரும்வரை படப்பிடிப்புக்கு ஒரு குரல் வேண்டும், அதற்காக வேறொருவரைப் பாட வைத்து எடுத்துக்கொள்வார்கள். நாயகன் அதற்கு வாயசைப்பான். பிற்பாடு அசல் பாடகர் வந்து பாடிக்கொடுத்ததும் டிராக் பாடியவரின் குரல் அழிந்துவிடும், கையில் ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். கோடம்பாக்கத்தில் டிராக் பாடியே தலை நரைத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் எந்த இசைத்தட்டிலும் கிடையாது.

இவர் பாடிய ‘ஆட்டுக்குட்டி முட்டையிட்டு’ அழியவில்லை, அப்படியே படத்தில் இடம்பிடித்தது. கூடவே ‘செவ்வந்திப் பூ முடிச்ச சின்னக்கா’வும். 1977-ல் படம் வந்தது, நாயகன் சப்பாணிக்கு அந்தக் குரல்தான் பொருத்தம் என்று ஊரே ஒத்துக்கொண்டது. இதை அதிர்ஷ்டம் என்றால் பாதி ஒத்துக்கொள்கிறேன். கதவு திறந்தது அதிர்ஷ்டம். ஆனால் அன்றைய பதிவு இன்றைக்கு மாதிரி வரி வரியாக வெட்டி ஒட்டுகிற வேலை இல்லை. ஒரே கூடத்தில் வயலின்காரர்கள், தபேலா, புல்லாங்குழல் எல்லாரும் உட்கார்ந்திருக்க, பாடகர் மைக் முன்னால் நின்று முழுப் பாட்டையும் பாட வேண்டும், நடுவில் ஒருவர் தடுக்கினாலும் எல்லாரும் முதலிலிருந்து. அப்படிப்பட்ட இடத்தில், பக்கத்தில் எஸ். ஜானகி நின்று பாடும்போது, இது நாளைக்கு அழிக்கப்படப் போகிற குரல் என்று தெரிந்தும் முழு மனசாகப் பாடினாரே, அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அவருக்குக் கிராமத்துப் பாட்டும் குத்துப் பாட்டும் மட்டும்தானே வரும்? — வாசகர், சென்னை

பதில்: இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை எனக்கு வருகிறது. வேறு வேறு சென்னைக்காரர்களிடமிருந்து. ‘கோடைகாலக் காற்றே’ கேட்டிருக்கிறீர்களா? 1981, ‘பன்னீர் புஷ்பங்கள்’. அதில் எந்தக் கிராமம் இருக்கிறது? ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்து ‘இந்த மின்மினிக்கு’, ‘புதுக்கவிதை’யின் ‘வா வா வசந்தமே’, ‘தர்ம யுத்தம்’ படத்தில் தங்கைக்காக அண்ணன் பாடும் ‘ஒரு தங்க ரதத்தில்’. நான்கையும் ராத்திரி ஒரு முறை கேட்டுவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.

நடந்தது என்னவென்றால், ‘முரட்டுக்காளை’ வந்த 1980-க்கு அப்புறம் திருவிழா மேடை, டவுன் பஸ், ரஜினி ரசிகர் மன்றம் என்று எங்கே போனாலும் அதில் வந்த ‘பொதுவாக என் மனசு தங்கம்’ என்ற அந்த ஒரு பாட்டு ஸ்பீக்கரில் கட்டியிருந்தது. பிரபலமானது முத்திரையாகிவிட்டது. நான் பள்ளிக்கூடம் போன பஸ்ஸின் டிரைவர் ஏற்றம் வந்தால் அந்த கேசட்டைப் போடுவார், இறக்கம் வந்தால் ‘கோடைகாலக் காற்றே’. இரண்டும் ஒரே ஆள் பாடியது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. டிரைவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: சிவாஜிக்கு டி.எம்.எஸ். தவிர யார் பாடினாலும் ஒட்டவில்லை. நீங்கள் மலேசியா வாசுதேவனைத் தூக்கிப் பிடிப்பது நியாயமா? — டி.எம்.எஸ். பக்தர், திருநெல்வேலி

பதில்: உங்கள் பக்தியில் நான் கை வைக்கவில்லை ஐயா. கர்ஜிக்கிற சிவாஜிக்கு டி.எம்.எஸ்.தான், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் 1985-ல் வந்த ‘முதல் மரியாதை’ சிவாஜி கர்ஜிக்கவில்லையே. வீட்டில் நிம்மதி இல்லாத, ஊருக்குப் பெரிய மனிதரான, வயசான ஒரு ஆள். ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்கிறவருக்கு உச்சரிப்பில் அத்தனை கம்பீரம் இருந்தால் பொய்யாகிவிடும். ‘பூங்காத்து திரும்புமா’ பாட்டில் வாசுதேவன் குரலைக் கொஞ்சம் தளர விடுகிறார், மூச்சு வாங்குகிற மாதிரி. இத்தனைக்கும் பாடும்போது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயதுதான் இருக்கும். அதே வருடம் ‘படிக்காதவன்’ படத்தில் ‘ஒரு கூட்டுக் கிளியாக’ பாட்டும் சிவாஜிக்கு அவர் பாடியதுதான், அதில் குரலில் அண்ணன் இருக்கிறார், ஆற்றங்கரைக் கிழவர் இல்லை.

‘முதல் மரியாதை’ பாட்டுகளுக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது. சந்தோஷம். பாடியவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான், அதை உங்களிடம் மறைக்கவில்லை.

கேள்வி: பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வில்லன் வேஷம் எதற்கு? அதில்தான் பாட்டுக் குறைந்ததோ? — வாசகி, புதுச்சேரி

பதில்: நடிக்கவும்தான் கப்பல் ஏறினார் என்பதை மறந்துவிடாதீர்கள். 1985-ல் பாரதிராஜாவின் ‘ஒரு கைதியின் டைரி’யில் அரசியல்வாதி வில்லனாக வந்தார், அந்த வெள்ளை வேட்டியையும் சிரிப்பையும் பார்த்தவர்கள் ஆட்டுக்குட்டிப் பாட்டைப் பாடிய மனிதரா இது என்று கேட்டார்கள். அடுத்தடுத்து வில்லன் வேஷங்கள். இசையமைத்தார், ‘நீ சிரித்தால் தீபாவளி’ என்று 1991-ல் ஒரு படம் இயக்கியும் பார்த்தார். தெரிந்த எல்லாவற்றிலும் கை வைத்தார் என்று சிலர் குறையாகச் சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கியவன் ஒற்றைக் காலில் நிற்கப் பயப்படுவான், அது எனக்குப் புரிகிறது.

பாட்டுக் குறைந்தது அதனால் அல்ல. மனோ வந்தார், அருண்மொழி வந்தார், 90களில் உன்னிகிருஷ்ணன், ஹரிஹரன். மென்மையான குரல் நாகரிகமானது. அப்படியும் 1993-ல் ‘கிழக்குச் சீமையிலே’ எடுத்தபோது ஏ.ஆர். ரஹ்மானுக்கு அந்த மண்ணின் குரல் வேண்டியிருந்தது, சித்ராவோடு ‘தென்கிழக்குச் சீமையிலே’ பாட இவரைத்தான் கூப்பிட்டார்.

கேள்வி: இன்றைக்கு அமெரிக்காவிலிருந்து சித் ஸ்ரீராம். அன்றைக்கு மலேசியாவிலிருந்து வாசுதேவன். ஒப்பிட முடியுமா? உச்சரிப்பையும் சேர்த்து. — வாசகர், திருச்சி

பதில்: வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். சரி, மாட்டிக்கொள்கிறேன்.

சித் ஸ்ரீராம் சென்னையில் பிறந்து கைக்குழந்தையாகவே கலிபோர்னியாவுக்குப் போனவர். ஃப்ரீமான்டில் அம்மாவே கர்நாடக சங்கீத ஆசிரியை, அப்புறம் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி. 2013-ல் ‘கடல்’ படத்தில் ரஹ்மான் ‘அடியே’ கொடுத்தார். ‘தள்ளிப் போகாதே’, ‘மறுவார்த்தை பேசாதே’, ‘கண்ணான கண்ணே’ என்று இங்கே ஒரு அலை, 2018-ல் ‘கீத கோவிந்தம்’ வந்தபிறகு தெலுங்கில் அதைவிடப் பெரிய அலை. மார்கழியில் சென்னை சபாக்களில் கச்சேரி, 2024-ல் கலிபோர்னியா கோச்செல்லா விழா மேடை.

இவர் அங்கேயும் இருக்கலாம், இங்கேயும் இருக்கலாம், அதுதான் முதல் வித்தியாசம். பாடகர் ஒரு கண்டத்திலும் இசையமைப்பாளர் இன்னொரு கண்டத்திலும் இருந்தாலும் இன்றைக்குப் பாட்டு முடிந்துவிடும், குரல் இணையத்தில் வந்து சேரும். வாசுதேவனுக்கு அந்த வசதி இல்லை. பாட வேண்டுமென்றால் கோடம்பாக்கத்தில் வாடகை கொடுத்துக் குடியிருந்து, காலையில் கூப்பிட்டால் மதியம் போய் நிற்க வேண்டும். அதனால் அவர் இந்த ஊர்க்காரராகவே ஆனார், சித்துக்கு ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டில் எது நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை.

உச்சரிப்பு? சித் சில இடங்களில் சொல்லை உருட்டி விழுங்குகிறார், எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ‘கண்ணான கண்ணே’ கேட்டு அழுத அப்பாக்களை எனக்குத் தெரியும், அவர்கள் யாரும் ளகர ழகரம் பார்த்து அழவில்லை. வாசுதேவனிடம் ஒரு சொல்லும் காணாமல் போகாது, பேசுகிற மாதிரியே பாடுவார்.

கேள்வி: என் மகள் ‘பேர் வச்சாலும் வைக்காம’ புதுப் பாட்டு என்று சாதிக்கிறாள். — வாசகி, தாம்பரம்

பதில்: ‘டிக்கிலோனா’ படம் 2021-ல் போட்ட புதுச்சட்டை அது. உள்ளே இருப்பது 1990-ல் ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்துக்காக வாசுதேவனும் ஜானகியும் பாடிய அதே குரல்கள்தான். மகளிடம் சண்டை போடாதீர்கள், சேர்ந்து ஆடுங்கள்.

கேள்வி: அவர் குடும்பத்தில் யாராவது பாடுகிறார்களா? — வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: மகன் யுகேந்திரன் பாடுகிறார், நடிக்கவும் செய்தார். மகள் பிரசாந்தினியை நீங்கள் ‘வாரணம் ஆயிரம்’ படத்து ‘முன்தினம் பார்த்தேனே’ பாட்டில் கேட்டிருப்பீர்கள்.

வாசுதேவன் நோய்வாய்ப்பட்டு நாளாகி, 2011 பிப்ரவரி 20 அன்று சென்னையில் காலமானார், வயது 66. அதற்கு முந்தைய மாதம் பொங்கலுக்கு ‘ஆடுகளம்’ வந்திருந்தது. அதில் ‘அய்யய்யோ’ பாட்டை மகள் பிரசாந்தினி பாடியிருக்கிறார். கூடப் பாடியவர்கள் இரண்டு பேர்: எஸ்.பி.பி. சரண், அப்புறம் எஸ்.பி.பி.