முன்னால் நாலு, பின்னால் நாலு: பிரியும் ரயில், திரும்பும் ரயில் பற்றி வாசகர் கேள்விகள்

லண்டன் விக்டோரியாவிலிருந்து சிசெஸ்டர் போகும் ரயிலில், ‘முன்னால் உள்ள நான்கு பெட்டிகள் ஓர் ஊருக்கு, பின்னால் உள்ள நான்கு வேறோர் ஊருக்கு’ என்று திரும்பத் திரும்ப அறிவிக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எது முன், எது பின் என்று எப்படித் தெரியும்? மகள் வீட்டுக்கு மறுபடி போகப்போகிறோம். விளக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

அது ஹார்ஷம் நிலையத்தில் பிரியும் ரயில். எட்டுப் பெட்டி என்று நாம் பார்ப்பது, நான்கு நான்கு பெட்டிகளாகக் கோத்த இரண்டு ரயில்கள். ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஹார்ஷமில் நடுக் கப்ளிங்கை விடுவித்ததும் ஒன்று போர்ட்ஸ்மவுத் பக்கம் போகும், மற்றது போக்னர் ரீஜிஸ் போகும். சிசெஸ்டர் இருப்பது போர்ட்ஸ்மவுத் வழியில்.

‘முன்’ என்று அவர்கள் சொல்வது ரயில் போகும் திசையை. விக்டோரியா மாதிரி தண்டவாளம் முட்டி நிற்கும் நிலையத்தில் கேட்டைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது ரயிலின் கடைசிப் பெட்டி. அவசரத்தில் முதலில் தெரிந்த கதவில் ஏறினால் பின்பாதியில்தான் உட்காருவீர்கள். முன்பாதிக்குப் போக இன்னும் நான்கு பெட்டி நீளம், அதாவது 80 மீட்டருக்கு நடக்க வேண்டும். கையில் பெட்டியும் பையும் இருந்தால் இந்த நடைக்கென்று தனியாக இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

ஏறிய பிறகு சந்தேகம் வந்தால், பெட்டிக்குள் எழுத்து ஓடும் திரையைப் பாருங்கள். ‘8 பெட்டிகளில் 6-வது பெட்டியில் இருக்கிறீர்கள்’ என்பது போல வரும். குரலிலும் சொல்லும். எண்ணுவது முன்னாலிருந்து. ஆக 1 முதல் 4 வரை முன்பாதி, 5 முதல் 8 வரை பின்பாதி. தவறான பாதி என்று தெரிந்தால் ரயில் ஓடும்போதே உள்வழியாக நடந்து மாறிவிடுங்கள். இந்த வகை ரயில்களில் இரண்டு தொகுதிகளும் சேரும் இடத்தில் ஓட்டுநர் அறையை ஒட்டி நடைவழி உண்டு. ஹார்ஷம் வரும்வரை காத்திருந்தால் அந்த வழியை அடைத்துவிடுவார்கள். கேட்விக் விமான நிலையத்தில் ஏறியவர்களின் சாமான்கள் வழியில் அடைசலாக நிற்கும் என்பதால், கேட்விக்குக்கு முன்பே மாறிக்கொள்வது புத்திசாலித்தனம். இடையில் ஏதாவது ஒரு நிலையத்தில் இறங்கி நடைமேடையில் ஓடி ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் புறப்படும் நேரத்துக்குச் சுமார் அரை நிமிடம் முன்பே கதவுகள் மூடிக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் பிறகு தவறான பாதியிலேயே ஹார்ஷமைத் தாண்டிவிட்டால்? பதற வேண்டாம். ரயில் பிரிகிற இடம் வேறு, பாதை பிரிகிற இடம் வேறு. இரண்டு ரயில்களும் பார்னம் வரை ஒரே வழியில்தான் போகின்றன. அங்கே இறங்கி மாறிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவிலிருந்து கிளம்பி கிரையன்லாரிக்கில் பிரியும் ரயிலில் இந்தச் சலுகை கிடையாது. நிலையத்தைத் தாண்டியதுமே ஓபன் ஊருக்கான பாதை ஒரு பக்கம், மாலேக் ஊருக்கான பாதை இன்னொரு பக்கம். மலைக்காட்டில் அடுத்த வண்டிக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பிரிகிற நிலையத்திலேயே ஏறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஒரே நடைமேடையில் இரண்டு ரயில்கள், இரண்டு புறப்படும் நேரங்கள். முன்னது முதலில் போகும், பின்னதற்கு அதன் பிறகுதான் சிக்னல் விழும். நடைமேடையின் நடுவில் நில்லுங்கள், எந்தப் பக்கமும் போய்க்கொள்ளலாம்.

*

பதிவு செய்த குரல்தானே, அதையே தெளிவாகச் சொல்லிவிட்டால் என்ன? சில நாள் ரயில் பிரியாது. ஆனாலும் பிரியும் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.
– வாசகர், ஹாரோ

அந்தக் குரல் முழு வாக்கியமாகப் பதிவானதல்ல. ‘இந்த ரயில்’, ‘பிரியும்’, ‘முன்னால் உள்ள’, ‘நான்கு’, ஊர்ப்பெயர் என்று துண்டுதுண்டாகப் பதிந்து வைத்திருப்பார்கள். எந்தத் துண்டை எதற்குப் பின் கோப்பது என்று கால அட்டவணை விவரத்தைப் பார்த்துக் கணினி முடிவு செய்யும். எட்டுப் பெட்டி வர வேண்டிய இடத்தில் நான்கே பெட்டி வந்தால், யாராவது அதைக் கணினிக்குச் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால், இல்லாத பின்பாதிக்குப் போகச் சொல்லிப் பயணிகளை விரட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட நாளில் கார்டோ ஓட்டுநரோ மைக்கில் பேசுவதுதான் வேதவாக்கு. மனிதக் குரலும் பதிவுக் குரலும் மாறுபட்டால் மனிதக் குரலை நம்புங்கள்.

இன்னொரு குழப்பம் ஈஸ்ட்போர்னில். லண்டனிலிருந்து ஹேஸ்டிங்ஸ் பக்கம் போகும் ரயில்கள் அங்கே உள்ளே போய், வந்த வழியே திரும்பி வெளியேறும். உங்கள் பெட்டி அதுவரை 1 என்றால், எட்டுப் பெட்டி ரயிலில் அதன் பிறகு 8. நடைமேடை குட்டையான நிலையங்களில் எல்லாக் கதவுகளும் திறக்காது, சில பெட்டிகளுக்குத்தான் திறக்கும். ஈஸ்ட்போர்னுக்கு முன் கேட்ட ‘முன்னால் உள்ள பெட்டிகள்’ என்பதை மனதில் வைத்துக்கொண்டு அப்படியொரு நிலையத்தில் இறங்கப் போனால், மூடிய கதவுக்கு எதிரில் நிற்பீர்கள். ஈஸ்ட்போர்னைத் தாண்டியதும் திரையை மறுபடி ஒருமுறை பாருங்கள். வெள்ளைக்காரர்களும் இதில் ஏமாறுவதுண்டு.

*

சென்னையில் ஏறும்போது எங்கள் பெட்டி எஞ்சின் பக்கம் இருந்தது. புவனேஸ்வரில் வரவேற்க வந்த உறவினர்கள் எஞ்சின் பக்கம் நின்றார்கள். நாங்கள் வால் பக்கம் இறங்கினோம். பெட்டியை மாற்றிவிட்டார்களா?
– வாசகர், தாம்பரம்

பெட்டி மாறவில்லை. எஞ்சின்தான் இடம் மாறியிருக்கிறது, விசாகப்பட்டினத்தில்.

அந்த நிலையம் பிரதான பாதையை விட்டு ஒதுங்கி இருக்கிறது. தெற்கே துவ்வாடா பக்கத்திலிருந்து வரும் தண்டவாளமும், வடக்கே சிம்மாசலம் பக்கம் போகும் தண்டவாளமும் நிலையத்தின் ஒரே பக்கத்தில்தான் நுழைகின்றன. ஆகவே சென்னை – ஹவுரா மார்க்கத்தில் கோரமண்டல் உட்பட நிலையத்துக்குள் போகும் ரயில்களுக்கு எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். அங்கே சுமார் 20 நிமிடம் நிற்பது அதற்காகத்தான். திசை பார்த்து உட்கார்ந்தவர்கள் அதன் பிறகு பின்னோக்கிப் போவார்கள்.

நம் ஊர் வழக்கத்தில் பெட்டியின் இடத்தை ‘எஞ்சினிலிருந்து 5-வது’ என்று சொல்கிறோம். திரும்பும் ரயிலில் இந்தக் கணக்கு பாதி வழிவரைதான் செல்லும். 22 பெட்டி கொண்ட ரயிலில் எஞ்சினிலிருந்து 5-வது பெட்டி, விசாகப்பட்டினத்துக்குப் பிறகு 18-வது. கணக்கு எளிது: மொத்தத்தோடு ஒன்றைக் கூட்டி, பழைய எண்ணைக் கழியுங்கள். வரவேற்க வருகிறவரிடம் எண்ணைச் சொல்லாமல் எஸ்-4, பி-2 என்று பெட்டியின் பெயரையே சொல்லுங்கள், அது மாறாது. ரயில் செயலிகளில் பெட்டி வரிசையைப் பார்ப்பதானால், ஏறும் நிலையத்துக்கும் இறங்கும் நிலையத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு நுணுக்கம். விசாகப்பட்டினத்துக்குள் போகாமல் துவ்வாடா வழியாக நேரே போய்விடும் ரயில்களும் உண்டு. வழக்கமாக உள்ளே போய்த் திரும்பும் ரயிலை ஒரு நாள் அப்படி வெளியே விட்டால், அடுத்துவரும் எல்லா நிலையங்களிலும் பெட்டி வரிசை தலைகீழாக வந்து நிற்கும். பலகையில் எஸ்-1 என்று எரியும் இடத்தில் வேறு பெட்டி இருக்கும். பலகையைக் குறை சொல்லிப் பயனில்லை, பாதை மாறியதன் விளைவு அது.

*

ஜெர்மனியில் ‘இன்று பெட்டி வரிசை தலைகீழ்’ என்று ஓர் அறிவிப்பு வந்தால் நடைமேடையே ஓடுகிறதாமே?
– கல்லூரி மாணவர், கோவை

ஓடத்தான் செய்கிறது. அங்கே நடைமேடையை ஏ, பி, சி என்று எழுத்துகளால் பகுத்திருப்பார்கள். 27-ஆம் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று முன்கூட்டியே பலகையில் காட்டுவார்கள். மக்களும் அதை நம்பி நிற்பார்கள். ரயில் வர இரண்டு நிமிடம் இருக்கும்போது ‘உம்கெகெர்ட்டர் வாகன்ரையுங்’ என்று குரல் கேட்டால், ஏ-யில் நிற்பவர் எஃப்-க்கும் எஃப்-இல் நிற்பவர் ஏ-க்கும் ஓட வேண்டியதுதான். நடுவில் இரு கூட்டமும் மோதிக்கொள்ளும்.

காரணம் விசாகப்பட்டினத்தில் சொன்னதேதான். ஃபிராங்க்ஃபர்ட், ஸ்டுட்கார்ட், லைப்சிக் தலைமை நிலையங்களெல்லாம் தண்டவாளம் முட்டி நிற்பவை. அங்கே போய்த் திரும்ப வேண்டிய ரயில், தாமதத்தைச் சரிக்கட்ட ஃபிராங்க்ஃபர்ட் தெற்கு நிலையம் வழியாக ஓடினால் வரிசை புரண்டுவிடும்.

பிரியும் ரயிலுக்கு அங்கே பேர்போன ஊர் ஹாம். பெர்லினிலிருந்து வரும் ஐ.சி.இ. என்னும் அதிவேக ரயில் அங்கே இரண்டாகும். ஒரு பகுதி டோர்ட்மண்ட், எஸ்ஸன் வழியாக டியூசல்டார்ஃப் பக்கமும், மற்றொன்று ஊப்பர்டால் வழியாகக் கொலோன் பக்கமும் போகும். பெட்டி எண்களில் 20-களில் தொடங்குபவை ஒரு பகுதி, 30-களில் தொடங்குபவை மற்றது. இரண்டுக்கும் நடுவே உள்வழி கிடையாது. மாற வேண்டுமானால் ஏதாவது ஒரு நிலையத்தில் இறங்கி, நடைமேடை வழியாகத்தான் மாற வேண்டும். டிக்கெட்டில் இருக்கை எண்ணைவிடப் பெட்டி எண்ணை முதலில் பார்க்கும் பழக்கத்தை அங்கே வளர்த்துக்கொள்ளுங்கள்.

*

கொழும்பிலிருந்து பதுளைக்கு ஜன்னலோரம் இடதுபக்க இருக்கை நல்லது என்கிறார்கள், வலது என்கிறார்கள். எது சரி?
– வாசகி, மதுரை

எந்த ரயில் என்று கேட்காமல் சொல்லப்படும் யோசனை எதுவும் சரியில்லை. பொடி மெனிகே என்ற ரயில் கண்டிக்குள் போய், அங்கே எஞ்சின் முனை மாறிப் பேராதனை வழியே திரும்பி வெளியே வரும். உடரட மெனிகே என்ற ரயில் கண்டிக்குப் போகாமல் நேரே போய்விடும். பொடி மெனிகேயில் திசை பார்த்து இடது ஜன்னலில் உட்கார்ந்தவர், கண்டிக்குப் பிறகு பயணத் திசையின் வலது பக்கத்தில் இருப்பார்.

*

ஜப்பானில் மட்டும் குழப்பமே இல்லையாமே?
– வாசகர், சேலம்

குறைவு. டோக்கியோவிலிருந்து ஒன்றாகப் போகும் ஹயபுசா, கோமாச்சி என்ற இரண்டு அதிவேக ரயில்களில், ஹயபுசாவின் பெட்டிகளுக்கு 1 முதல் 10 வரை எண். கோமாச்சிக்கு 11 முதல் 17. மொரியோகாவில் பிரிந்ததும் முன்னால் இருக்கும் கோமாச்சி முதலில் கிளம்பும். இரண்டுக்கும் வேறு வேறு பெயர், எண்களும் கலப்பதில்லை, ‘முன்’, ‘பின்’ என்ற பேச்சே தேவைப்படாது. இந்த எளிய ஏற்பாட்டை மற்ற நாடுகள் ஏன் பின்பற்றவில்லை என்பது நமக்கும் புதிர்தான். கோமாச்சி ஓமகாரியில் திசை திரும்பும். அக்கிதாவுக்கு அதன்பின் அரைமணி நேரம்தான் என்பதால் இருக்கையைத் திருப்பாமல் பின்னோக்கியே உட்கார்ந்து போவது அங்கே வழக்கம்.

அங்கேயும் பிரியக் கூடாத இடத்தில் பிரிந்திருக்கிறது. 2024 செப்டம்பர் 19 அன்று மணிக்கு 315 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோதே இந்த இரண்டும் கழன்றுகொண்டன. இரண்டிலும் பிரேக் தானாக விழுந்தது, யாருக்கும் காயமில்லை. 2025 மார்ச் 6-இல் மறுபடியும் அதுவே நடந்தது.

*

இணைப்புப் பெட்டிகள் உள்ள ரயிலில் முன்பதிவு இல்லாமல் ஏறும்போது எதைப் பார்த்து ஏற வேண்டும்?
– வாசகர், கோவில்பட்டி

குருவாயூர் எக்ஸ்பிரஸில் வந்த தூத்துக்குடிப் பெட்டிகளை வாஞ்சி மணியாச்சியில் கழற்றியதை உங்கள் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்ரிதா எக்ஸ்பிரஸோடு சேர்ந்து வந்து ஷொரனூரில் பிரிந்த நிலம்பூர் ராஜ்யராணி, 2019-இல் தனி ரயிலானது. கழற்றி மாட்டும் ஷண்டிங்குக்கு நேரமும் ஆளும் பிடிப்பதால் இப்படிப்பட்ட ரயில்கள் குறைந்துவருகின்றன.

இருக்கிறவற்றில், ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று தொடங்கி இரண்டு வண்டி எண்களையும் ஒரே மூச்சில் படித்துவிடுவார்கள். எந்த எண் எந்தப் பக்கம் என்று அதில் தெரியாது. நீங்கள் ஏறும் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள ஊர்ப்பலகையைப் படியுங்கள், பக்கத்துப் பெட்டியின் பலகையை அல்ல. பொதுப்பெட்டி இரண்டு பகுதியிலும் தனித்தனியாக இருக்கும். பலகை இல்லாவிட்டாலோ எழுத்து அழிந்திருந்தாலோ உள்ளே இருப்பவரிடம் ‘இது எந்த ஊர் வண்டி’ என்று கேட்காதீர்கள், ரயில் கிளம்பிய ஊரைச் சொல்வார். ‘நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்’ என்று இரண்டு பேரிடம் கேளுங்கள்.